கொழும்பில் மார்கழி மாதத்துச் சலட்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: நத்தார் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. அண்ணி அங்கே குளிர்காலத்தில் செய்யும் சலட் ஒன்றின் குறிப்பை அனுப்பியிருக்கிறார். கேல் இலை, பேரிக்காய், மாதுளை, வால்நட், நீலப் பூஞ்சணச் சீஸ், ஒலிவ் எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. இதைக் கொழும்பில் செய்ய முடியுமா? எல்லாவற்றையும் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் விலை தாங்காது. போதாததற்கு, வீட்டில் எந்தச் சலட் செய்தாலும் அரைமணி நேரத்தில் தண்ணீர் விட்டுக் குளமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டாம். அந்தக் குறிப்பில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு வேலைக்காக அங்கே இருக்கிறது. கேல் மெல்லுவதற்கும் இலேசான கசப்புக்கும், பேரிக்காய் இனிப்புக்கும் மொறுமொறுப்புக்கும், மாதுளை புளிப்புக்கு, வால்நட் கொழுப்புக்கு, சீஸ் உப்புக்கும் நொதித்த வாசனைக்கும். இந்த ஐந்து வேலைகளையும் செய்ய நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் மலிவாக. நீங்கள் இரண்டாவதாகக் கேட்ட தண்ணீர்ப் பிரச்சினைதான் உண்மையில் முதலாவது. கொழும்பில் சலட் கெட்டுப்போவது பொருளால் அல்ல, பெரும்பாலும் ஈரத்தால்.

முதலில் குளிர்காலம் என்பதைப் பார்ப்போம். குளிர் நாடுகளில் கேல், கோவா, வேர்க்காய்கள் எல்லாம் உறைபனி விழுந்த பிறகு இனிப்பாகும். குளிர் கூடும்போது செடி தன்னிடமுள்ள மாப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. அங்கே குளிர்காலச் சலட் சுவையாக இருப்பதன் இரகசியம் இதுதான். கொழும்பில் மார்கழி, தை என்றால் இரவில் சுமார் 22 பாகை, பகலில் 30, 31 பாகை செல்சியஸ். இதைக் குளிர் என்று சொன்னால் உங்கள் அண்ணன் பிள்ளைகள் சிரிப்பார்கள். நமக்குக் குளிர்காலம் லொறியில் ஏறித்தான் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கும் நுவரெலியாவில் தை மாத அதிகாலைகளில் சில நாட்கள் புல்லின் மேல் வெண்பனி உறைந்து கிடக்கும். அங்கிருந்தும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்தும் கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட், முள்ளங்கி, நோக்கோல், சலாது இலை எல்லாம் கெப்பெட்டிப்பொல போன்ற பொருளாதார மத்திய நிலையங்கள் வழியாகவும் நேராகவும் பேலியகொடை மெனிங் சந்தைக்கு இறங்குகின்றன. புறக்கோட்டையில் இருந்த அதே மெனிங் சந்தைதான், இடம் மாறியிருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நீங்கள் காலையில் காணும் மலைநாட்டு மரக்கறியில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

ஆகவே உங்கள் சலட்டின் முதுகெலும்பு கரட்டும் கோவாவும். இவற்றை அலட்சியமாக நினைக்கிறவர்கள் உண்டு. "சாப்பாட்டுப் பார்சலில் வரும் கரட்தானே" என்பார்கள். நுவரெலியாக் கரட்டைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

சந்தையில் ஒன்றைக் கவனியுங்கள். கார்த்திகை கடைசியிலும் மார்கழியிலும் மலைநாட்டில் கடும் மழை பெய்தால் முதலில் அடிபடுவது சலாது இலை. விலை ஏறும், வருவதும் நடுப்பகுதி அழுகித்தான் வரும். அந்த வாரத்தில் இலையைத் துரத்தாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் காய்களுக்குப் போங்கள். கரட் வாங்கும்போது காம்பு ஒட்டியிருந்த இடம் பச்சையாக, உறுதியாக இருக்க வேண்டும். தோட்டத்திலேயே கழுவிப் பளபளவென்று அனுப்பப்படும் கரட் கொழும்பு வெக்கையில் இரண்டு நாளில் வழுவழுக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கோவா கையில் எடுத்தால் அளவுக்கு மீறிப் பாரமாக இருக்க வேண்டும். வெளியிலைகள் உரித்து எடுக்கப்பட்டு வெள்ளையாக நிற்பது பழைய கோவா. முள்ளங்கியில் பெரியதை விட்டுவிடுங்கள், உள்ளே சக்கையாகியிருக்கும்.

பழங்களில் மார்கழிக்கு உரியது தோடை இனம். பாகிஸ்தானில் மண்டரின் அறுவடை இந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. அது இங்கு வந்து இறங்கியதும் தெருவோர வண்டிகளில் குவியும். சாறு நிறைய, விதையும் நிறைய. உள்ளூர்த் தோடம்பழம் பச்சைத் தோலோடு இருப்பதால் பலர் காய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தோடையின் தோல் செம்மஞ்சளாக மாறுவதற்கு இரவுக் குளிர் வேண்டும்; குளிர் பட்டால்தான் தோலில் உள்ள பச்சையம் சிதையும். தாழ்நிலத்து வெப்பத்தில் பழம் முற்றிக் கனிந்த பிறகும் தோல் பச்சையாகவே நிற்கும். நிறத்தைப் பார்க்காமல் பாரத்தைப் பாருங்கள். ஒரே அளவான இரண்டில் பாரமானதை எடுங்கள்.

பேரிக்காய்க்கு மாற்று கொய்யா. முழுதாகப் பழுக்காத, நகத்தால் அழுத்தினால் சற்றே பதியும் கொய்யா. பேரிக்காயைப் போலவே அதற்கும் வாயில் ஒரு நறநறப்பு உண்டு, வாசனை அதைவிடக் கூட. நடுவிலுள்ள விதையை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய பிறைகளாக அரியுங்கள். வெட்டிய ஆப்பிள் கறுப்பதுபோல் கொய்யா விரைவில் கறுக்காது என்பதும் விருந்து நாளில் ஒரு நிம்மதி. மாதுளை இந்தியாவிலிருந்து வருவதே போதும். வால்நட்டுக்குப் பதில் கஜு. கைக்கு அடக்கமான விலையில் வேண்டுமானால் வறுத்த கச்சான், குறை ஒன்றுமில்லை.

சீஸுக்கு மாற்றுத்தான் பலரைத் திணறவைக்கும். மச்சம் சாப்பிடுகிறவர்கள் என்றால் மாசிக் கருவாட்டை வறுத்து இடித்து மேலே தூவுங்கள். உப்பு, வாசனை இரண்டும் வந்துவிடும். ஆனால் மார்கழியில் திருவெம்பாவைப் பூசை நாட்கள் குறுக்கே வரும். வீட்டில் யாராவது மரக்கறி மட்டும் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு உப்பில் ஊறிய தேசிக்காய். மிளகாய்த்தூளும் எண்ணெயும் போட்ட ஊறுகாய் அல்ல. வெறும் உப்பிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் கிடந்து கபில நிறமான தேசிக்காய். அதன் சதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மிகப் பொடியாக அரிந்து கலந்தால், நீலச் சீஸ் செய்யும் வேலையை அது செய்துவிடும். உண்மையில் நான் சீஸைவிட இதைத்தான் விரும்புவேன். சுப்பர் மார்க்கெட்டில் அந்தச் சீஸ் துண்டின் விலையைப் பார்த்த பிறகு நீங்களும் விரும்புவீர்கள்.

இனித் தண்ணீர்.

வெட்டிய காயின் மேல் உப்பு விழுந்தால், உள்ளே இருக்கும் நீர் வெளியே வரும். இது எங்கும் நடப்பதுதான். கொழும்பில் இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. காற்றில் ஈரப்பதன் அதிகம் என்பதால் கழுவிய இலை தானாகக் காயாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்தின் மேல் காற்றின் ஈரம் படிந்து அதுவும் உள்ளே வழியும். இலையில் ஒட்டியிருக்கும் நீர் எண்ணெயைத் தள்ளிவிடுவதால் புளியும் எண்ணெயும் இலையில் பிடிக்காமல் அடியில் தங்கும். பிறகு நீங்கள் "உப்பு உறைக்கவில்லை" என்று இன்னும் உப்புப் போடுவீர்கள், இன்னும் தண்ணீர் விடும்.

வழி இதுதான்: தண்ணீர் விடப்போகும் காய்களை, சலட்டில் சேர்ப்பதற்கு முன்பே தண்ணீர் விடவைத்துவிடுங்கள். 300 கிராம் கோவாவை நூல்போல அரிந்து, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, கையால் நன்றாகப் பிசைந்து இருபது நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டு கையாலும் பிழியுங்கள். கிண்ணத்தின் அடியில் தேங்கும் நீரைப் பார்த்தால், இவ்வளவும் சலட்டுக்குள் போயிருக்குமே என்று விளங்கும். உப்பில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். ஆனாலும் சுவை பார்த்த பிறகே மறுபடி உப்புச் சேர்க்க வேண்டும். கேல் இலைக்கு அண்ணி "மசாஜ் செய்ய வேண்டும்" என்று எழுதியிருப்பார், அதே வேலையைத்தான் இங்கே கோவாவுக்குச் செய்கிறோம். கெக்கரிக்காய் சேர்ப்பதானால் நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள விதைச் சதையைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, இதேபோல உப்பிட்டுப் பிழியுங்கள். தக்காளியை இந்தச் சலட்டில் சேர்க்கவே வேண்டாம். மார்கழியில் வரும் தக்காளி மழை குடித்தது. நிறத்துக்காகச் சேர்த்தால் நீரைத்தான் தரும். சிவப்புக்கு மாதுளை இருக்கிறது.

சலாது இலை வாடியிருந்தால் குப்பையில் போட வேண்டாம். ஐஸ் கட்டி போட்ட நீரில் கால்மணி நேரம் மூழ்கவைத்தால் இழந்த நீரை உறிஞ்சி நிமிர்ந்துவிடும். எடுத்த பிறகு ஈரத்தைப் போக்குவதுதான் பெரிய வேலை. சுழற்றிக் காயவைக்கும் கருவி வீட்டில் இல்லையென்றால், துவைத்த பழைய பருத்தித் துணியில் இலைகளைப் போட்டு நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, பல்கனியில் நின்று கையை வீசிச் சுழற்றுங்கள். கீழ் மாடிக்காரர் வெளியே நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். பிறகு இலைகளை உலர்ந்த துணியில் சுற்றிப் பெட்டியில் அடைத்துக் குளிரில் வைத்தால் மறுநாள் வரை மொறுமொறுப்பாக இருக்கும்.

ஆறு பேருக்கான அளவு சொல்கிறேன். மேலே சொன்னபடி பிழிந்த கோவா 300 கிராம். கரட் 300 கிராம். துருவாதீர்கள், துருவினால் சாறு வடியும். தோல் சீவும் கத்தியால் நீள நீளமான நாடாக்களாகச் சீவுங்கள். சிறிய முள்ளங்கி ஒன்று, வட்டமாக, ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாக. முள்ளங்கியைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும், வெட்டி வைத்தால் நாற்றம் கிளம்பும். சின்ன வெங்காயம் எட்டு, மெல்லியதாக அரிந்து தேசிப்புளியில் பத்து நிமிடம் ஊறட்டும்; காரம் அடங்கி இளஞ்சிவப்பாகும். வெங்காயம் சேர்க்காதவர்கள் வந்தால் இதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மண்டரின் அல்லது தோடம்பழம் மூன்று: சுளைகளின் வெள்ளைத் தோலையும் விதையையும் நீக்குங்கள். விதை ஒன்று பல்லில் அகப்பட்டால் முழுச் சலட்டின் பெயரும் கெட்டுவிடும். கொய்யா இரண்டு, மாதுளை பாதி, சலாது இலை ஒரு கட்டு, ஒரு பிடி புதினா, சற்றே வறுத்த கஜு 50 கிராம், உப்புத் தேசிக்காய்த் தோல் ஒரு தேக்கரண்டி.

இதற்கு ஊற்றும் கலவை: எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, தேசிப்புளி இரண்டு மேசைக்கரண்டி, கித்துள் பாணி ஒரு தேக்கரண்டி, நீர் விட்டு அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு. மேனாட்டுக் குறிப்புகளில் எண்ணெய் மூன்று பங்கு, புளி ஒரு பங்கு என்று இருக்கும். நம் நாக்குக்கு அது வழவழப்பாகத் தோன்றும்; காலிமுகத்திடலில் உப்பும் மிளகாயும் தூவிய மாங்காயும் அன்னாசியும் தின்று வளர்ந்தவர்களுக்குப் புளி தூக்கலாகத்தான் வேண்டும். கடுகு அச்சாறு வாசனைக்காக மட்டும் அல்ல, எண்ணெயும் புளியும் பிரியாமல் பிடித்து வைப்பதும் அதுதான். எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போட்டுக் குலுக்கினால் போதும்.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். நல்லெண்ணெய். செக்கில் ஆட்டியது என்றால் வாசனை மேலோங்கும், ஆகவே பாதிக்குப் பாதி வாசனையற்ற எண்ணெய் ஒன்றைக் கலக்கலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். சுவையில் குற்றமில்லை, ஆனால் அது சுமார் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் மேசையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சலட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் கரட்டின் மேல் மெழுகு உருகிச் சொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக நிற்கும், நாக்கிலும் மெழுகாகவே ஒட்டும்.

எண்ணெயைத் தவிர்த்தால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். கரட்டின் நிறப்பொருளை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். நான்கு கரண்டி எண்ணெய் ஆறு பேருக்கு, பயப்பட ஒன்றுமில்லை.

மலைநாட்டுக் காய்களுக்கு விலை எகிறிய வாரம் என்றால் அடுத்த சலட் கைகொடுக்கும்: வல்லாரையும் அன்னாசியும். வல்லாரைச் சம்பல் செய்யத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. இலையைப் பொடியாக அரியாமல், தண்டை நீக்கிக் கையால் இரண்டாகக் கிள்ளிக்கொள்ளுங்கள். பொடியாக அரிந்தால் கறுத்துக் கசக்கும். அன்னாசியைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சட்டியில் எண்ணெயின்றி ஓரங்கள் சிவக்கும்வரை வாட்டினால் இனிப்பு திரளும், நீரும் வற்றும். கச்சான், செத்தல் மிளகாய் இடித்தது, தேசிப்புளி, உப்பு. தேங்காய்ப்பூ சேர்ப்பதானால் பரிமாறும்போது மட்டும். நம் வெக்கையில் துருவிய தேங்காய் சில மணி நேரத்தில் புளித்துவிடும். கனடாக்காரர்களுக்கு ஊருக்கு வந்த நினைப்பைத் தருவது முதலாவது சலட்டைவிட இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அன்னாசி இருக்கும் சலட்டில் தயிர் ஊற்ற வேண்டாம். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. தயிரோடு சற்று நேரம் கிடந்தால் கசப்பேறும். வாட்டிய அன்னாசியில் அந்த நொதியம் பெரும்பாலும் செயலிழந்துவிடும், என்றாலும் நடுப்பகுதி வெந்திருக்காவிட்டால் இதே கதைதான். தயிருக்கு ஏற்ற துணை பீட்ரூட். அவித்துத் துண்டாக்கிய பீட்ரூட்டை முதலில் எண்ணெயில் புரட்டி வையுங்கள். அதன் சாயம் நீரில் கரைவது, எண்ணெய்ப் படலம் இருந்தால் மற்றப் பொருட்களில் அவ்வளவு வேகமாக இறங்காது. பிறகு தட்டில் சட்டித் தயிரைப் பரப்பி, மேலே பீட்ரூட், தோடஞ்சுளை, புதினா. கலக்காமல் அப்படியே மேசையில் வையுங்கள். கலந்தால் எல்லாம் ஒரே ரோஸ் நிறம், பிறந்தநாள் கேக் மாதிரி.

பச்சையாகச் சாப்பிடுவதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. சலாது இலையும் வல்லாரையும் ஈர நிலத்தில் மண்ணோடு மண்ணாக வளர்கின்றன; இலையடியில் நத்தைக் குஞ்சும் மண்ணும் ஒட்டியிருக்கும். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் பூச்சிகள் மிதந்து வரும், கிருமி முழுதாகப் போகாது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய முதல் நாட்களில் வயிறு எளிதில் குழம்பும் என்பதால், கடைசிக் கழுவலைக் கொதித்தாறிய நீரில் செய்யுங்கள். வந்தவர்களில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் பங்குக்குப் பச்சை இலையை விட்டுவிட்டு, தோல் சீவிய கரட்டும் பழமும் கொடுங்கள். இறைச்சி வெட்டிய பலகையில் சலட் வெட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நத்தார் அன்று நெருக்கடியான குசினியில் அதுதான் நடக்கும்.

நேரக் கணக்கு: முதல்நாள் இரவே இலையைக் கழுவி உலர்த்தி வையுங்கள், ஊற்றும் கலவையைக் குலுக்கி வையுங்கள், மாதுளையை உதிர்த்துவிடுங்கள். காலையில் கோவாவைப் பிழிந்து, கரட்டைச் சீவி, தோடஞ்சுளையைத் தனிக் கிண்ணத்தில் போட்டு எல்லாவற்றையும் குளிரில் வைக்கலாம். விருந்தினர் கை கழுவ எழும்பும்போது கலக்கத் தொடங்குங்கள்: முதலில் கோவா, கரட், முள்ளங்கியோடு கலவையில் பாதி, அதன் மேல் பழங்கள், உப்புத் தேசிக்காய்த் தோல், கடைசியில் இலையும் மீதிக் கலவையும், எல்லாவற்றுக்கும் மேலே கஜு. இந்த ஒழுங்கு மாறினால் இலை நசுங்கிப்போகும். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள்.

மிஞ்சினால் இலைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கோவாவையும் கரட்டையும் பிழிந்து எடுங்கள். மறுநாள் காலை தாச்சியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து இரண்டு நிமிடம் புரட்டினால் ரொட்டிக்குள் வைக்க நல்ல உள்ளீடு. மண்டரின் சுளை ஒன்றிரண்டு அதில் அகப்பட்டாலும் பரவாயில்லை.